பருவும் பருவமும்

வியாதிகள் இரண்டு வகை. வந்தவரைப் பார்த்து ஊரார் அனுதாபப்படும் வியாதி ஒன்று. ஊரார் சிரிக்கும் வியாதி மற்றொன்று. முகப்பரு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காய்ச்சலில் படுத்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். கன்னத்தில் பரு வந்த பெண்ணுக்கோ, "யாரடி உன்மேல் ஆசை வைத்திருக்கிறான்?" என்ற கேலிதான் கிடைக்கும். கேலி செய்கிறவர்களுக்கு இது விளையாட்டு. கேலிக்கு ஆளாகிறவர்களுக்கு விளையாட்டல்ல. கண்ணாடிக்குப் பயந்து, கல்யாண வீடுகளுக்குப் போகாமல் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ பேர். "என்ன விலையானாலும் சரி, நாளைக்கே மறைய வேண்டும்" என்று அவர்கள் கேட்கிறார்கள். முகப்பரு சிகிச்சையின் சரித்திரம் முழுவதும் இந்த அவசரத்துக்குள்ளே அடங்கியிருக்கிறது.

ஓசூர்க் கடைவீதியில் அரை மணி நேரம் நின்றால் மூன்று பாஷைகள் காதில் விழும். நாம் 'பரு' என்பதைக் கன்னடத்தில் 'மொடவெ' என்பார்கள், தெலுங்கில் 'மொட்டிம'. எந்தப் பாஷைக்காரராக இருந்தாலும், பருவ வயதில் வருவது இது என்பதைக் கண்டிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை இதை 'யௌவன பிடகா', அதாவது வாலிபக் கொப்புளம் என்கிறது. 'முகதூஷிகா', முகத்தைக் கெடுப்பது, என்றும் பெயர் உண்டு. உச்சிப் பருவத்தைக் குறிக்கும் 'அக்மே' என்ற கிரேக்கச் சொல்லை யாரோ பிரதி எடுப்பவர் பிழையாக எழுதியதிலிருந்துதான் 'ஆக்னி' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது என்று ஒரு கருத்தும் இருக்கிறது.

பெயர் வைத்தவர்கள் மருந்தும் சொன்னார்கள். சுசுருதர் சொல்வது வசம்பு, லோத்திரப் பட்டை, இந்துப்பு, கடுகு ஆகியவற்றை அரைத்துப் பூசும் பூச்சு. அதோடு வாந்தி எடுக்கச் செய்யும் சிகிச்சையையும் விதிக்கிறார்! முகத்தில் ஒரு கொப்புளம் வந்ததற்காக வயிற்றைக் குமட்டி வாந்தி எடுக்க எத்தனை பேர் சம்மதித்தார்களோ தெரியாது. சித்த வைத்தியர்கள் கந்தகத்தை நம்பினார்கள். ரோமாபுரியிலும் தோல் நோய்களுக்குக் கந்தகத்தைப் பயன்படுத்தினார்கள். கந்தகம் வெறும் நம்பிக்கையல்ல. தோலின் மேற்பொருக்கைத் தளர்த்தும் குணம் அதற்கு உண்டு. இன்றும் சில களிம்புகளில் இருக்கிறது. நாற்றமும் வறட்சியும்தான் அதன் குறைகள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கோ காட்டிலேயே ஒரு மருந்து இருந்தது. அதுதான் சந்தனம். திப்பு சுல்தான் 1792-ல் சந்தன மரத்தை ராஜ விருட்சமாக அறிவித்தான் என்பார்கள். அதே வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பிரதேசம் கும்பினியாரிடம் போயிற்று. 1799-ல் திப்பு மாண்ட பிறகு ஓசூரும் போயிற்று. கொடி மாறியது, மரத்தின் மீது சர்க்காருக்கிருந்த உரிமை மட்டும் மாறவில்லை. முதல் உலக யுத்தத்தில் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் சந்தனத் தைலத்தை இங்கேயே வடிக்க முடிவு செய்தார்கள். 1916-ல் தைலம் வந்தது. 1918-ல் பெங்களூரில் மைசூர் சாண்டல் ஸோப்பு வந்தது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் செய்த அந்த ஸோப்பு தென்னாட்டுக் குளியலறைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது.

சந்தனம் பருவைப் போக்குமா? கல்லில் இழைத்துப் பூசினால் எரிச்சல் தணிகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. அதில் பொய்யில்லை. ஆனால் பரு உண்டாகும் இடத்துக்கு அது போய்ச் சேருவதில்லை. மயிர்க்காலை ஒட்டி நெய்ச்சுரப்பி ஒன்று இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது அது அதிகமாக நெய்யைச் சுரக்கிறது. தோலின் செதில்கள் வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட நெய்யில் கிருமி பெருகுகிறது. பிறகு சிவப்பு, வீக்கம், சீழ். கரும்புள்ளியின் கறுப்புக்கூட அழுக்கல்ல, தோலின் நிறப்பொருள்தான். ஆகையால் ஸோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கறுப்புப் போகாது, தோல்தான் புண்ணாகும். சிலருக்குச் சந்தனமே ஒத்துக்கொள்ளாமல் தடிப்பதும் உண்டு. மற்றபடி அதனால் பெரிய உபகாரமும் இல்லை, பெரிய அபகாரமும் இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் மருந்துகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். சில வருஷங்களுக்குள்ளாகவே அமெரிக்காவில் அதை முகப்பருவின் மீது பாய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். பலன் அபாரம். கதிர் பட்ட நெய்ச்சுரப்பி சுருங்கிற்று, பரு அடங்கிற்று, முகம் தெளிந்தது. நோயாளிகள் வைத்தியரை வாழ்த்திக்கொண்டு வீடு திரும்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் இந்தச் சிகிச்சை நடந்தது. ஆனால் பதினெட்டு வயதில் வாழ்த்தியவர்களில் சிலர் நாற்பது வயதில் வேறு வைத்தியரிடம் போக நேர்ந்தது. கழுத்திலே தைராய்டுப் புற்று, முகத்திலே தோல் புற்று. மருந்தின் பலன் மூன்று மாதத்தில் தெரிந்தது. மருந்தின் விலை இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது.

அடுத்து வந்த மருந்தின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். பிற்பாடு அமெரிக்காவில் லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சி இயக்குநரானார். அங்கே பெஞ்சமின் டக்கர் என்ற தாவர சாஸ்திரி மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் பிறந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1948 ஜூலையில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். 1950-களில் இந்தக் குடும்பத்து மாத்திரைகள் முகப்பருவுக்குப் பழக்கமான மருந்தாகிவிட்டன.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுத்தால் குழந்தையின் பல் நிரந்தரமாகக் கறைபடும் என்பது பிறகு தெரிந்தது. வெயிலில் தோல் எளிதில் கன்றுவதும் உண்டு. இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வருஷக்கணக்கில் ஆன்டிபயாடிக் தின்ற முகங்களில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்ந்தன. ஒருவர் முகப்பருவுக்காகச் சாப்பிட்ட மாத்திரை, இன்னொருவரின் நிஜமான ஆபத்துக்கு உதவாமல் போகலாம். இன்று இதைக் கொடுக்கும் வைத்தியர்கள் ஏறத்தாழ மூன்று மாதத்தோடு நிறுத்தப் பார்ப்பது இதனால்தான்.

1969-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் வைட்டமின் 'ஏ' அமிலத்தை முகப்பருவுக்குப் பூசிக் கண்ட பலனை வெளியிட்டார்கள். அடைப்பை ஆரம்பத்திலேயே அவிழ்க்கும் மருந்து அது. இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்கிறது. முதல் சில வாரங்கள் தோல் உரியும், எரியும்; பொறுத்தவருக்குப் பலன் உண்டு. ஆனால் கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது ஹோம்ஸ்பர்க் சிறையையும் சொல்லியாக வேண்டும். 1951 முதல் 1974 வரை அந்தச் சிறையின் கைதிகள் மீது, பெரும்பாலும் கறுப்பினத்தவர் மீது, தோல் மருந்துகளும் ரசாயனங்களும் பரீட்சை செய்யப்பட்டன. 2022-ல்தான் பிலடெல்பியா நகரம் மன்னிப்புக் கேட்டது.

1979-ல் வந்ததுதான் மிகப் பலமான மருந்து: ஐஸோட்ரெடினாயின். அமெரிக்காவில் கேரி பெக் குழுவினர், வேறு எதற்கும் அசையாத கட்டிப்பரு கொண்ட 14 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். 13 பேருக்கு முகம் முற்றிலும் தெளிந்தது. இத்தனை வலிமையுள்ள மருந்து அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 1982-ல் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷமே ஊனத்துடன் பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்திகள் வந்தன. உதடு வெடிப்பது, ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது எல்லாம் மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். கருவில் நேர்ந்த சேதம் சரியாகாது. ஆகவே மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் பெண்கள் கர்ப்பமாகக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

இவற்றுக்கு நடுவே கவர்ச்சியில்லாத மருந்து ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்தது. பென்சாயில் பெராக்ஸைடு என்று பெயர். 1930-களிலேயே பருவுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமியைக் கொல்லும்; அதற்குப் பழகிப்போகும் கிருமி உண்டாவதில்லை. தோல் வறளும், தலையணை உறை வெளுக்கும், அவ்வளவுதான். 2004-ல் இங்கிலாந்தில் 649 பேரை ஐந்து பிரிவாக்கி, 18 வாரம் ஐந்து விதச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள். உயர்ந்த விலையுள்ள மினோசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 54 பேருக்குக் குணம் தெரிந்தது. மலிவான பென்சாயில் பெராக்ஸைடு பூசியவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு! 2024-ல் இந்தக் களிம்புகள் சிலவற்றில் பென்ஸீன் என்ற விஷம் கலந்திருப்பதாகப் புகார் எழுந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 95 சரக்குகளைச் சோதித்து, 2025-ல் மிகச் சிலவற்றை மட்டும் திரும்பப் பெறச் செய்தது. பழைய களிம்பைப் பல வருஷம் வைத்திருக்காமல் இருப்பதும், சூட்டில் போட்டு வைக்காமல் இருப்பதும் நல்லது.

இப்போது மறுபடியும் ஓசூருக்கு வருவோம். சந்தனக் காட்டின் ஓரத்தில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஆலைகள் வந்தன. அவற்றுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. கடைசல் வேலை நடக்கும் இடங்களில் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு பரு உண்டு: எண்ணெய்ப் பரு. வெட்டும் எண்ணெய் தெறித்து ஊறிய சட்டையும் கால்சட்டையும் உரசும் இடத்தில், முன்கையிலும் தொடையிலும், கரும்புள்ளிகளும் கொப்புளங்களும் வரும். இதற்கு வயது கிடையாது. ஐம்பது வயது மேஸ்திரிக்கும் வரும். இதற்குக் களிம்பு தேடுவதைவிட, இயந்திரத்துக்குத் தெறிப்புத் தடுப்பும், தொழிலாளிக்குத் தினம் ஒரு துவைத்த உடுப்பும், வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் கொடுப்பதே சிகிச்சை. சுத்திகரிக்காத கனிம எண்ணெய் வருஷக்கணக்கில் தோலில் படிந்தால் புற்று வரும் என்பதை லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்து நிரூபித்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பருவைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது.

சமீப வருஷங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மின்னணு ஆலைகளுக்குப் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்திருக்கிறார்கள். விடுதி வாசம், இரவு முறை, கையிலே முதல் சம்பளம், முகத்திலே பரு. நம் நாட்டில் இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் போவது வைத்தியரிடமல்ல, மருந்துக் கடைக்கு. அங்கே கிடைக்கும் குழாய் மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய இரண்டாம் நாளே சிவப்பு மறையும், முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலியும், ரத்த நாளம் தெரியும், முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினாலோ பழைய பரு இரட்டிப்பாகத் திரும்பும். ஆகவே நிறுத்த முடியாது. முகத் தோல் நோயோடு இந்திய மருத்துவமனைகளுக்கு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் 433 பேர் ஸ்டீராய்டு பூசியிருந்தார்கள். அதில் 104 பேர் பூசியது பருவுக்காக. 433 பேரில் 392 பேருக்குத் தீங்கு நேர்ந்திருந்தது. அதிகமாகக் கண்ட தீங்கு என்ன தெரியுமா? பருவேதான்! 2018-ல் இந்திய சர்க்கார் பதினான்கு ஸ்டீராய்டுக் களிம்புகளை, வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, அது கடையின் மேஜை வரைக்கும் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

பரு போன பிறகும் நம்மவர் தோலில் கறுப்பு வடு நிற்கும். அதை அழிக்கச் சிவப்பழகுக் களிம்பு, சிலவற்றில் பாதரசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு கெட்டு வந்த 22 பேரை 2021 முதல் 2023 வரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் இத்தகைய களிம்பு பூசியவர்கள். வடு, பூசாமலிருந்தால் சில மாதங்களில் தானே மங்கக் கூடியது.

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பாருங்கள். கதிர், ஸ்டீராய்டு, பாதரசம் மூன்றும் சீக்கிரம் சந்தோஷப்படுத்தின. மூன்றும் பிறகு கணக்குத் தீர்த்தன. வைட்டமின் அமிலமும் பென்சாயில் பெராக்ஸைடும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் காக்க வைக்கின்றன; சரியாகப் பூசினால் நெடுங்காலத் துன்பம் வைப்பதில்லை. ஐஸோட்ரெடினாயின் நிஜமாகவே பெரிய மருந்து. வைத்தியர் பக்கத்திலிருந்து ரத்தம் சோதித்துக் கொடுக்கும்போது மட்டும்.

ஆகவே, "எத்தனை நாளில் மறையும்?" என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டால் போதாது. "இதில் என்ன இருக்கிறது? எத்தனை நாள் பூசலாம்? நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழிலோ, கன்னடத்திலோ, தெலுங்கிலோ கேட்கலாம். ஓசூரில் மூன்று பாஷையும் செல்லும். பதில் வராவிட்டால் காசைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவது உத்தமம்.