கரும்பின் மரபணுத்தொகுதி

கரும்பின் மரபணுத்தொகுதி என்பது கரும்புச் செடியின் உயிரணுக் கருவில் அடங்கியுள்ள டி.என்.ஏ. முழுவதையும் குறிக்கும். இன்று வயல்களில் பயிரிடப்படும் கரும்பு இயற்கையில் தோன்றிய தனி இனமன்று; இனிப்பு மிகுந்த கரும்பையும் காட்டுப்புல்லான நாணலையும் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினமாகும். இதன் உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 1,000 கோடி கார இணைகள் உள்ளன. மனித உயிரணு ஒன்றில் உள்ளவை சுமார் 600 கோடியே ஆகும். இக்கலப்பின வரலாற்றில் கோயம்புத்தூருக்கு முதன்மையான இடம் உண்டு.

கோயம்புத்தூர்க் கலப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் விளைந்த மெல்லிய கரும்பு வகைகளின் விளைச்சல் குறைவு. இனிப்பு மிகுந்த தடித்த கரும்போ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. இதற்குத் தீர்வு காணும் பொருட்டு 1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. இந்நிறுவனம் ஆர்.எஸ்.புரத்திற்கு மேற்கே வீரகேரளத்தில் அமைந்துள்ளது.

சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' எனும் கரும்பை (சாக்கரம் அஃபிசினாரம்) உள்ளூர் நாணலுடன் (சாக்கரம் ஸ்பான்டேனியம்) கலந்தனர். இதிலிருந்து கிடைத்த கோ 205 எனும் வகை 1918இல் பஞ்சாபில் பயிரிட வெளியிடப்பட்டது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும்.

குரோமோசோம்கள்

வெள்ளைக் கரும்பின் குரோமோசோம்கள் 80. கோயம்புத்தூர் நாணலின் குரோமோசோம்கள் 64. வழக்கமான கலப்பில் இரு பெற்றோரும் பாதிப்பாதி அளிப்பதால் 40 + 32 = 72 அமைய வேண்டும். ஆனால் கோ 205இல் 112 காணப்படுகின்றன. தாய்க்கரும்பு தன் 80 குரோமோசோம்களையும் முழுமையாக அளித்ததே இதற்குக் காரணம். இவ்வியல்பினை ஜாவாவில் பணியாற்றிய பிரெமர் 1920களில் விளக்கினார்.

கலப்பினங்களை மீண்டும் இனிப்புக் கரும்புடன் கலந்ததால் நாணலின் பங்கு குறைந்தது. தற்காலக் கரும்பில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை இனிப்புக் கரும்பினுடையவை, பத்து முதல் இருபது விழுக்காடு வரை நாணலினுடையவை. எஞ்சியவை இரண்டின் பகுதிகளும் இணைந்தவை. நோய் எதிர்ப்பு, மறுதாம்புத் திறன் முதலியவை பெரிதும் நாணலிடமிருந்து பெறப்பட்டவை.

தாவரக் குரோமோசோம் ஆய்வாளர் ஈ. கே. ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை இந்நிலையத்தில் பணியாற்றினார். கரும்பினை மக்காச்சோளம் உள்ளிட்ட பிற புல்லினங்களுடன் கலந்து அவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்.

மீளவரும் டி.என்.ஏ.

கரும்பில் மீளவரல் இரு வகைப்படும். முதலாவது, ஒரே குரோமோசோம் பல படிகளாக இருத்தல். இது பன்மடியம் எனப்படும். ஒரு மரபணு எட்டு முதல் பன்னிரண்டு படிகளாகக் காணப்படலாம். இரண்டாவது, ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரே வரிசை திரும்பத்திரும்ப வருதல். இவற்றுட் பல இடம்மாறும் மரபுக்கூறுகள் ஆகும். அவற்றுட் பல ஆர்.என்.ஏ. வழியாகத் தம்மைப் படியெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்கின்றன. மரபணுத்தொகுதியில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இத்தகைய மீள்வரிசைகளே.

இதனால் கரும்பின் தொகுதியைப் படித்தறிவது மிகக் கடினமாயிற்று. ஒரே நூலின் பன்னிரண்டு படிகளைக் கிழித்துக் கலந்துவிட்டு, எந்தத் துண்டு எந்தப் படியைச் சேர்ந்தது எனத் தேடுவதை இது ஒக்கும். காட்டு நாணலின் தொகுதி 2018இல் வெளியானது. பயிர்க்கரும்பான ஆர் 570இன் விரிவான தொகுதி, நீண்ட துண்டுகளைப் படிக்கும் முறை வந்த பின்னர், 2024இல் வெளியிடப்பட்டது. அதன் மூலம் பழுப்புத் துருநோயை எதிர்க்கும் பகுதியில் இணைந்து செயற்படுவனவாகக் கருதப்படும் இரு மரபணுக்கள் இனங்காணப்பட்டன.

முக்கியத்துவம்

தற்காலக் கரும்பு வகைகள் மிகச் சில மூதாதைகளிலிருந்தே தோன்றியவை. ஆகவே படிகள் பல இருப்பினும் வேறுபாடு குறைவு. 2009இல் வெளியிடப்பட்ட கோ 0238 வட இந்தியாவில் பெரும்பரப்பில் பயிரானது. ஆயினும் 2010களின் இறுதியில் செவ்வழுகல் நோய்க்கு ஆளாகிப் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. கரும்பு கரணையால் நடப்படுவதால் ஒரு வகையின் செடிகள் அனைத்தும் ஒரே மரபுடையன. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்க வல்லது.

எனவே புதிய எதிர்ப்பு மரபணுக்களுக்காகக் காட்டினங்கள் மீண்டும் நாடப்படுகின்றன. கோயம்புத்தூர் நிறுவனத்தின் கண்ணூர் ஆய்வு மையத்தில் பல நாடுகளிலிருந்து திரட்டிய கரும்பினங்கள் வயல்களில் உயிருடன் பேணப்படுகின்றன.