சின்ன அறையும் பெரிய நிறுவனமும்

ஒரு விளம்பர நிறுவனம் வேகமாக வளர்ந்தால் அங்கே வேலை செய்பவர்களுக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றும். சம்பளம் உயரும், ஆட்கள் சேருவார்கள், புதிய மாடிகள் வாடகைக்கு எடுக்கப்படும். ஆனால் எந்த வேலைத் தரத்தை நம்பி வாடிக்கையாளர்கள் தேடி வந்தார்களோ, அந்தத் தரமே வளர்ச்சியின் வேகத்தில் கரைந்து போகலாம். இந்த ஆபத்தை உள்ளே இருந்தபடியே கண்டு எழுதி வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த பில் பெர்ன்பாக்.

1947-ஆம் ஆண்டு அவர் கிரே என்ற விளம்பர நிறுவனத்தின் படைப்புப் பிரிவில் பொறுப்பில் இருந்தார். போர் முடிந்து அமெரிக்கச் சந்தை சூடு பிடித்த காலம் அது. கிரேயும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் அவர் தன் மேலாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் பெரிதாகிறோம் என்பதில் மகிழ்ச்சிதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. உத்திகளை வணங்கிவிட்டு உள்ளடக்கத்தை மறந்துவிடுவோமோ என்பதே அந்தக் கடிதத்தின் சாரம்.

அவருடைய பயத்திற்குக் காரணம் இருந்தது. அன்று விளம்பர நிறுவனங்களுக்குப் பத்திரிகைகளும் வானொலி நிலையங்களும் 15 சதவீதம் கமிஷன் கொடுத்தன. வாடிக்கையாளர் எவ்வளவு அதிகம் செலவு செய்கிறாரோ அவ்வளவு வருமானம். ஆகவே பெரிய வாடிக்கையாளரைப் பிடித்து வருபவருக்கே அலுவலகத்தில் மரியாதை. வாசகம் எழுதும் காப்பிரைட்டர் தன் அறையில் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். ஓவியப் பிரிவில் இருப்பவர் அதற்கு ஒரு படத்தைப் பொருத்துவார். இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதுகூட அரிது. நிறுவனம் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதானது.

1949-இல் பெர்ன்பாக் கிரேயை விட்டு வெளியேறி, நெட் டாயில், மேக்ஸ்வெல் டேன் ஆகியோருடன் சேர்ந்து டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக டிடிபி. கிரேயிலிருந்து வந்த ஃபிலிஸ் ராபின்சன் எழுத்துப் பிரிவுக்கும் பாப் கேஜ் ஓவியப் பிரிவுக்கும் தலைமை ஏற்றார்கள். இங்கே வேலை முறையே மாறியது. எழுதுபவரும் வரைபவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். யார் வாசகம் சொன்னது, யார் படம் சொன்னது என்று பிரிக்க முடியாதபடி இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

அந்தச் சின்ன அறையிலிருந்துதான் பெரிய விளம்பரங்கள் வந்தன. 1959-இல் ஃபோக்ஸ்வேகன் காருக்காக ஓவியர் ஹெல்முட் குரோனும் எழுத்தாளர் ஜூலியன் கோனிக்கும் உருவாக்கிய விளம்பரத்தில் வெற்றுப் பக்கத்தின் மூலையில் ஒரு குட்டிக் கார். சிறிதாக நினையுங்கள் என்பது அதன் வாசகம். 1962-இல் வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸுக்காக, நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், அதனால் கூடுதலாக முயல்கிறோம் என்ற பொருளில் பாலா கிரீன் எழுதினார். முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்டபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டிடிபி எழுதியதை மாற்றாமல் வெளியிடுவதாக ஏவிஸின் தலைவர் ராபர்ட் டவுன்சென்ட் வாக்குக் கொடுத்திருந்தார். நஷ்டத்தில் கிடந்த ஏவிஸ் அடுத்த ஆண்டே லாபம் பார்த்தது. அறைக்குள் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருந்ததால்தான் அவர்களால் துணிந்து எழுத முடிந்தது.

விளைவு என்ன? சிறிதாக நினைக்கச் சொன்ன நிறுவனமே பெரிதாகிவிட்டது. பெரிய வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். 1964-இல் டிடிபியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இன்னொரு பக்கம் திறமைசாலிகள் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். ஜூலியன் கோனிக் 1960-இலேயே ஜார்ஜ் லோயிஸ், ஃபிரெட் பேப்பர்ட் ஆகியோருடன் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கிவிட்டார். டிடிபியில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்த மேரி வெல்ஸ் 1966-இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கிரேயிலிருந்து பெர்ன்பாக் புறப்பட்டதைப் போலவே அவருடைய பள்ளியில் பயின்றவர்களும் புறப்பட்டார்கள்.

பெர்ன்பாக் 1982-இல் காலமானார். 1986-இல் டிடிபி வேறு இரு நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டு ஆம்னிகாம் என்ற பெரும் குழுமத்தின் அங்கமானது. 2025 டிசம்பரில் அந்தக் குழுமம், இன்னொரு பெரிய குழுமத்தை வாங்கிய கையோடு, டிடிபி என்ற பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. 1947 கடிதத்தில் இருந்த பயம் கடைசியில் எழுதியவரின் வீட்டுக் கதவையே தட்டியது.

ஆனால் அந்தக் கதை முழுத் தோல்வி அல்ல. எழுதுபவரும் வரைபவரும் ஜோடியாக வேலை செய்யும் முறை உலகெங்கும் விளம்பர நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. பெயர்ப்பலகை போனாலும் அந்த முறை நிற்கிறது. வேகமாக வளரும் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் ஒருவர் எத்தனை மாடிகள் கூடின என்று எண்ணுவதைவிட, இரண்டு பேர் நிம்மதியாக உட்கார்ந்து யோசிக்க ஓர் அறை மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.