தூக்குங்க, தூக்குங்க

மூன்று வருடத்துக்கு முந்தின கராம்பு சீசனில், ரத்தோட்டைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் மரத்திலிருந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். ஒருத்தர் கக்கத்தில் கை கொடுத்தார், ஒருத்தர் காலைப் பிடித்தார், இன்னொருத்தர் தண்ணி கொண்டுவந்தார். "தூக்குங்க, தூக்குங்க" என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சே இல்லை. த்ரீவீல் பின்சீட்டில் மடக்கி உட்காரவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். கால்தான் வரவில்லை. அது மரம் செய்ததா, எங்கள் கை செய்ததா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தூக்கத்தான் தோன்றியது. ஏன்?

எங்கள் ஊர் வரலாற்றிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியெல்லாம் வாந்திபேதி, காய்ச்சல், பசி. நடக்க முடியாமல் விழுந்தவர்கள் பலர் வழியோரத்திலேயே விடப்பட்டார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, விழுந்த ஆளைத் தூக்குவது என்றால் கைவிடாமல் இருப்பது என்றுதான் அர்த்தம். தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று 1872இல் ஒரு சட்டம் வந்தது. மாத்தளைக்கு ரயில் 1880இல் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி லயத்து வாசலுக்கு வரவில்லை. கம்பளியைக் கம்பில் கட்டி, ஆளை அதில் போட்டு மலை இறங்கியவர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

வைத்தியர்களுக்கும் நீண்ட காலம் வழி தெரியவில்லை. ஏறக்குறைய 3,600 வருடப் பழமையான ஒரு எகிப்தியச் சுவடி, கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்தவரை 'வைத்தியம் செய்ய முடியாதவர்' என்று ஒதுக்கிவிடுகிறது. இந்த எண்ணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த அவர், 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ். 1954இல் அவர் போன வாகனம் கவிழ்ந்து இரண்டு காலும் போயின. பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு ஒப்பரேஷன் செய்தார். வேலூர் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருவானதற்கும் அவர்தான் காரணம்.

விபத்து நடந்த இடத்தில் என்ன செய்வது என்பது தனிக் கதை. அமெரிக்காவில் 1960களிலிருந்து, அடிபட்டவரைக் கடினப் பலகையில் இறுக்கிக் கட்டிக் கழுத்துப்பட்டி போடுவது வழக்கமானது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு நியூ மெக்சிகோவில் அப்படிக் கட்டப்பட்ட 334 பேரையும், கோலாலம்பூரில் கட்டப்படாமல் வந்த 120 பேரையும் ஒப்பிட்டது. கட்டப்படாதவர்களுக்கு நரம்புப் பாதிப்பு கூடவில்லை! இந்த ஆய்வைப் பற்றி இன்னும் சண்டை உண்டு. அதுக்காக த்ரீவீலில் மடக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியும் வாரும் மந்திரம் இல்லை என்பதுதான் விஷயம். 2015இல் வந்த சர்வதேச முதலுதவிப் பரிந்துரையும், சாதாரண முதலுதவியாளர் கழுத்துப்பட்டி போட வேண்டாம் என்றே சொன்னது.

அப்போ நமக்கு மிஞ்சுவது இரண்டு கை. உயரத்திலிருந்து விழுந்தவரோ, பைக்கில் அடிபட்டவரோ கழுத்து, முதுகு வலிக்குது என்றால், கைகால் மரத்துவிட்டது, அசையவில்லை என்றால், முதுகுத்தண்டில் அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதபடி முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள். தலை எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். உட்காரவைக்காதீர்கள், தண்ணி கொடுக்காதீர்கள். நெருப்போ, வாகனமோ, மண்சரிவோ வந்தால் மட்டும் நகர்த்தலாம். வாந்தி வந்தால் மூன்று நாலு பேர் சேர்ந்து, தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்க, மரக்குற்றியைப் போல் பக்கவாட்டில் புரட்டுங்கள். மூச்சு நின்றுவிட்டால் முதுகைப் பற்றி யோசிக்க நேரமில்லை, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

1990க்கு அடியுங்கள். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த 'சுவசெரிய' அம்புலன்ஸ் பிறகு நாடு முழுக்க வந்தது, காசு இல்லை. ஆனால் தோட்டத்து ரோட்டில் டிரைவருக்கு வழி தெரியாது. டிவிஷன் பெயரைச் சொல்லி, ஒருத்தரை மெயின் ரோட்டுச் சந்தியில் நிறுத்துங்கள். வாகனமே ஏற முடியாத மலையென்றால் கம்பளி வேண்டாம், கதவுப்பலகையைக் கழற்றுங்கள். தலையைப் பிடித்தவர் எண்ணுகிற எண்ணுக்கு எல்லோரும் ஒன்றாய்த் தூக்க வேண்டும்.

போன மாதம் இதை லயத்து முற்றத்தில் பழகிப் பார்த்தோம். விழுந்தவராக எங்களில் ஒருத்தர் படுத்தார், இன்னொருத்தர் தலையைப் பிடித்தார். அந்த அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்து போனில் நேரம் பார்த்தார். ஏழாவது நிமிடத்திலேயே பிடித்தவருக்குக் கை மரத்துப்போச்சு. "இன்னும் அம்புலன்ஸ் வரல்ல, விட்றாத" என்றார் அண்ணன்.