ஜோர்ஜ் ஹரிசன்: ஒரு தேசத்தின் பெயரைப் பாடியவர்

பீட்டில்ஸ் இசைக்குழு என்றதும் பலரும் ஜோன் லெனனையும் போல் மக்கார்ட்னியையுமே குறிப்பிடுவர். 1943 இல் லிவர்பூலில் பிறந்த ஜோர்ஜ் ஹரிசனின் பாடல்களுக்கு அக்குழுவின் இசைத்தட்டுகளில் சிறிதளவு இடமே கிடைத்தது. எனினும் 1969 இல் வெளிவந்த 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் த சன்' ஆகியன அவர் ஆக்கியவையே. குழு பிரிந்த 1970 இலேயே மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டார்.

ஆயினும் அவரது பெருஞ்சாதனையென நான் கருதுவது வேறு. 1970 இன் புயலாலும் 1971 இன் போராலும் கிழக்குப் பாகிஸ்தான் மக்கள் சிதைந்திருந்தனர். சித்தார் மேதை ரவிசங்கர் உதவி வேண்டவே, சில வாரங்களுள் பொப் டிலன், எரிக் கிளப்டன் முதலியோரை ஹரிசன் ஒன்றுசேர்த்தார். 1971 ஆகஸ்ட் 1 ஆந் திகதி, நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கின் இரு காட்சிகளுக்கும் ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர்.

நுழைவுச்சீட்டால் கிடைத்த சுமார் 243,000 டொலர் யுனிசெப்புக்குச் சென்றது. இசைத்தட்டு வருமானத்தின் பெரும்பகுதியோ, முன்கூட்டியே வரிவிலக்குப் பெறாமையால், பல ஆண்டுகள் முடங்கிற்று. பசித்த பிள்ளைக்குக் காலங்கடந்து வரும் பணத்தால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே.

ஆனால், தூரதேசத்து அவலமொன்றை முதற்பக்கத்துக்குக் கொண்டுவருவது எத்துணை அரிதென்பதைப் பத்திரிகைத் தொழிலில் நான் கண்டிருக்கிறேன். எந்த அரசும் அங்கீகரிக்குமுன்னரே 'பங்களாதேஷ்' என்ற பெயரை மேற்குலக இளைஞரின் நாவில் ஏற்றியவர் ஹரிசன். 1985 இன் 'லைவ் எயிட்' அவர் திறந்த வழியில் நடந்ததே. 2001 நவம்பர் 29 இல் அவர் மறைந்தார். அந்த வழி மூடப்படவில்லை.