ஆர்ச் தெரு கூட்ட இல்லம்: சமத்துவமும் அணுகல் வசதியும்

ஆர்ச் தெரு கூட்ட இல்லம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள குவேக்கர் வழிபாட்டிடம். வில்லியம் பென் 1701-இல் இடுகாட்டுக்கென அளித்த நிலத்தில், ஓவன் பிடிலின் வடிவமைப்பில் 1803-1805 காலத்தில் இதன் முதற்பகுதி கட்டப்பட்டது. 2011-இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

குவேக்கர் வழிபாட்டில் பிரசங்க மேடை இல்லை. மௌனமாக அமர்ந்திருப்போரில் எவரும் எழுந்து பேசலாம். இந்தச் சமத்துவம் மீறப்பட்டதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கு கருப்பினத்தவருக்குத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டதை ஆசிரியை சாரா மாப்ஸ் டக்ளஸ் கண்டித்தார்.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் (1990) பொது இடங்களுக்கான அணுகல் விதிகளிலிருந்து சமய அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. ஆகவே பழைய கூட்ட இல்லங்களில் சாய்தளம் அமைப்பது பெரும்பாலும் சபையினரின் முடிவைச் சார்ந்தது. எந்த மூலையிலிருந்தும் குரல் எழலாம் என்பதால், செவித்திறன் குறைந்தோருக்கு ஒரே ஒலிவாங்கி போதாது. கூடம் முழுவதும் அவை தேவை.