கல்லோடமும் கடற்படையும்

நாட்டில் போர் நடக்க, அரண்மனையில் தோரணம் கட்டுவது சரித்திரத்திற்குப் புதிதன்று. எனினும், அத்தகைய விழாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அதன் விலையை முடிவில் யார் கொடுத்தனர் என்னும் இரண்டும் வெளிப்படையாக விளங்குவது 1894-ஆம் ஆண்டில் சீனத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவிலேயாம்.

அவ்விழாவுக்குரியவர் ராஜமாதா ட்ஸூ ஷி. 1861 முதல், முதலில் தம் மகன் பெயராலும் பின்னர்த் தம் தங்கை மகன் குவாங் ஷூ பெயராலும் சீன சாம்ராஜ்யத்தை நடத்தியவர். 1889-இல் ஆட்சியை இளைய சக்கரவர்த்தியிடம் ஒப்படைத்ததாகப் பெயர். அதிகாரம் அவர் கையை விட்டு அகலவில்லை. சீனர் கணக்கின்படி அவருக்கு அறுபது வயது நிறையும் நாள் 1894 நவம்பர் 7. பீகிங் நகருக்கு வடமேற்கே, 1860-இல் ஆங்கிலேய பிரெஞ்சுப் படைகள் கொளுத்திய பழைய நந்தவனம் ஒன்று இருந்தது. அதனைப் புதுப்பித்து அங்கே விழாக் கொண்டாட ஏற்பாடாயிற்று. நகரிலிருந்து நந்தவனம் வரை வழி நெடுகப் பந்தல்களும் நாடக மேடைகளும் அமையவேண்டும் என்பது திட்டம். உத்தியோகஸ்தர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் செலுத்தவேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

பணத்துக்கு வழி யாது? 1885-இல் சீனத்தில் கடற்படை நிர்வாக சபை ஒன்று ஏற்பட்டது. அதன் தலைவர் சுன் இளவரசர், சக்கரவர்த்தியின் தந்தை. ராஜமாதா நந்தவனத்தில் மனநிறைவுடன் குடியேறினால் தம் மகன் தடையின்றி ஆளலாம் என்பது அவர் எண்ணம். ஆகவே கடற்படையின் பெயரால் மாகாணங்களில் திரண்ட பொருள் நந்தவன வேலைக்குத் திரும்பிற்று. எவ்வளவு திரும்பிற்று என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். திரும்பியதில் வேறுபாடு இல்லை. 1888-க்குப் பின் வடகடற்படைக்குப் பெரிய புதுக்கப்பல் எதுவும் வரவில்லை. 1891-இல் அந்நிய நாட்டிலிருந்து கப்பலும் பீரங்கியும் வாங்குவதையே இரண்டாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தனர்.

அந்த நந்தவனத்து ஏரிக் கரையில் ஓர் ஓடம் நிற்கிறது, இன்றும் காணலாம். அடிப்பாகம் கல், மேலே பளிங்கு போல் வர்ணம் தீட்டிய மர மாளிகை. 1893-இல் அதனைப் புதுப்பித்தபோது, நீராவிக் கப்பலின் சக்கரங்களைப் போலக் கல்லிலே சக்கரங்களும் செய்து வைத்தனர். ஓடாத கப்பலுக்குச் சக்கரம் செய்த அந்த ஆண்டிலேயே ஜப்பான் தேசத்தில் மெய்ஜி சக்கரவர்த்தி வேறோர் உத்தரவு பிறப்பித்தார். போர்க்கப்பல் கட்டுவதற்காகத் தம் அரண்மனைச் செலவில் ஆண்டுக்கு 3 லட்சம் யென் வீதம் ஆறாண்டுகளுக்குத் தருவதாகவும், உத்தியோகஸ்தர்கள் சம்பளத்தில் பத்திலொரு பங்கு தரவேண்டும் என்றும் அறிவித்தார். இரு நாட்டிலும் சம்பளம் பிடிக்கப்பட்டது. ஒன்றில் அது கப்பலாயிற்று, மற்றதில் காணிக்கையாயிற்று.

கொரியாவை முன்னிட்டு 1894 ஆகஸ்டு 1-இல் இரு நாடுகளும் போர் அறிவித்தன. செப்டம்பர் 17-இல் யாலு நதி முகத்துக்கு அப்பால் நடந்த கடற்போரில் சீனம் ஐந்து கப்பல்களை இழந்தது. குண்டுகள் போதாமலே சீன மாலுமிகள் போரிட்டனர். அவர்கள் கோழைகளல்லர், கைவிடப்பட்டவர்கள். அதன் பின்னரே வழிநெடுகப் பந்தல்கள் ரத்தாயின. போர்ச்செலவுக்கு ராஜமாதா 30 லட்சம் டேல் வெள்ளி கொடுத்ததாக அறிவிப்பு வந்தது. ஆயினும் குறித்த நாளில், பீகிங் அரண்மனைக்குள்ளேயே வணக்கங்களும் நாடகங்களும் நடந்தேறின. அந்த நவம்பர் 7-ஆம் நாளிலேதான் தாலியன் துறைமுகம் பெரிய சண்டையின்றி ஜப்பானியர் வசமாயிற்று. இரண்டு வாரத்தில் போர்ட் ஆர்தரும் வீழ்ந்தது. 1895 பிப்ரவரியில் வெய் ஹாய் வெய் துறையில் எஞ்சிய கடற்படையும் சிக்கிக்கொள்ள, தளபதி டிங் ஜூ சாங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1895 ஏப்ரல் 17-இல் ஷிமோனோசெகி உடன்படிக்கை. தைவான் தீவு போயிற்று. 20 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு விதிக்கப்பட்டது. அரசின் ஓராண்டு வருமானத்தைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட தொகை அது. அந்நியரிடம் கடன் வாங்கிக் கட்டினர்; கடனை அடைத்தவன் வரி கொடுத்த உழவன். விழாப் பந்தலின் நிழலில் அவன் ஒரு நாழிகையும் நின்றவனல்லன்.

இவ்வளவுக்கும் "பெண் ஆண்டாள், நாடு கெட்டது" என்று முடிவு கட்டுவோர் உளர். அது நேர்மையன்று. கடற்படைப் பணத்தைத் திருப்பியவர் இளவரசர், பார்த்திருந்தவர்கள் மந்திரிகள், பாராட்டுரை பாடியவர்கள் பண்டிதர்கள். அனைவரும் ஆண்மக்களே. கேடு பெண்மையில் இல்லை. கணக்குக் கேட்பாரற்ற அதிகாரத்தில் இருந்தது. ராஜமாதாவைத் தனியே பழிப்பது, கணக்கெழுதியவர்களையும் கையொப்பமிட்டவர்களையும் தப்பவிடுவதாகும்.

அப்பிறந்தநாள் கழிந்து பதினேழாம் நாள், நவம்பர் 24-இல், ஹோனலூலு நகரில் சுன் யாட் சென் என்னும் இளைஞர் சில தோழர்களுடன் ஒரு சங்கம் அமைத்தார். 1910-இல் அவர் நம் பினாங்கிலே கூடித் திட்டமிட்டபோது, புரட்சிக்குப் பொருள் தந்தோருள் கடைக்காரரும் கூலியாட்களும் இருந்தனர். மறு ஆண்டு மூண்ட புரட்சியில் அந்த ராஜவம்சம் 1912-இல் முடிவெய்திற்று.

தோழர்களே! விழா எடுப்பது குற்றமன்று. பள்ளிக்கூடத்தின் பெயரால் வாங்கிய காசு வாணவேடிக்கையாவது குற்றம். வேறொன்றின் பெயரால் வாங்கியது வேறொருவர் பெருமைக்காவது குற்றம். மாலையும் மேளமும் வரும்போதே, நம் சபைகளிலும் சங்கங்களிலும் வரவு செலவுக் கணக்கும் மேடைக்கு வரட்டும். கேட்கும் உரிமை, ஒரு வெள்ளி கொடுத்தவனுக்கும் உண்டு.