கிழக்கு லண்டனின் அடுப்புச் சண்டை

கிழக்கு லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பெக்டன் என்றொரு இடம் இருக்கிறது. 1870இல் அங்கே தொடங்கிய எரிவாயு ஆலை, உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களிலிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்கும். காற்றுப் புகாத உலையில் அதைச் சுட்டால் வாயு பிரியும். அந்த வாயு குழாய்களில் தெருத்தெருவாக ஓடி, முதலில் விளக்காகவும் பிறகு அடுப்பாகவும் எரிந்தது. அதில் கார்பன் மோனாக்சைடு கணிசமாகக் கலந்திருந்ததால், மூடிய அறையில் கசிந்தால் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சுவாசித்தாலே உயிர் போகும். ஊருக்கே இது தெரியும். இருந்தும் ஊர் சமைத்தது அதில்தான்.

காரணம் ஒரு பென்னிக் காசு. 1880களின் இறுதியில் காசு போட்டால் வாயு விடும் மீட்டர் வந்தது. அதுவரை கேஸ் என்பது மாதக் கடைசியில் கட்டணம் கட்ட முடிந்த நடுத்தர வீடுகளின் வசதி. துறைமுகத்தில் நாள்கூலிக்குச் சரக்கு இறக்கியவர் வீட்டில் அப்படிச் சேர்த்துவைக்கப் பணம் ஏது? பென்னி போட்டால் ஒரு வேளைச் சமையலுக்கு வாயு வரும். தீர்ந்தால் இன்னொரு பென்னி. கேஸ் கம்பெனிகளே அடுப்பையும் வாடகைக்குக் கொடுத்தன. காசு எடுக்க வரும் ஊழியர் சமையலறை மேசையில் நாணயங்களைக் கொட்டி எண்ணி, கணக்குக்கு மேல் இருந்ததை வீட்டுக்காரப் பெண்ணிடம் திருப்பித் தருவார். பல வீடுகளில் அந்த மிச்சக் காசுதான் சேமிப்பு.

மின்சாரம் இந்தச் சந்தைக்குள் தாமதமாகவே நுழைந்தது. 1926இல் தேசிய மின் தொகுப்புக்குச் சட்டம் வரும்வரை, லண்டனில் பேட்டைக்கு ஒரு மின் நிறுவனம், ஆளுக்கொரு வோல்டேஜ். ஒரு பேட்டையிலிருந்து வீடு மாறினால் மின்சாதனங்கள் அடுத்த பேட்டையில் வேலை செய்யாமல் போகலாம். 1924இல் கரோலின் ஹாஸ்லெட்டை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய பெண்களுக்கான மின்சாரச் சங்கம், சமையலறையிலிருந்து கரியையும் புகையையும் விரட்டும் வழி மின்சாரம்தான் என்று ஊர் ஊராகப் பேசியது. ஆனால் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் இரும்புத் தட்டைப் பார்த்த பெண்களுக்கு, கைப்பிடியைத் திருப்பியதும் ஏறி இறங்கும் நீலச் சுடரை விட்டுவர மனம் வரவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாடகைக் குடியிருப்புகளில் அந்த மனத்தை யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. குழாயா கம்பியா என்பதைக் கட்டடம் எழும்பும்போதே முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்தவர்களுக்கோ சொந்த லாபம் இருந்தது. வெஸ்ட் ஹாம் போன்ற நகராட்சிகள் மின்சாரத்தைத் தாங்களே தயாரித்து விற்றன. வீடு கட்டுவதும் மின்சாரம் விற்பதும் ஒரே கையில் இருக்கும்போது குடியிருப்பவருக்கு ஏது தேர்வு என்று கேஸ் கம்பெனிகள் நாடெங்கும் புலம்பின. வாடகைதாரரின் சுதந்திரத்தைப் பற்றி அவை அந்தக் காலத்தில் காட்டிய அக்கறை, தங்கள் விற்பனை குறையும் இடங்களில் மட்டும் பொங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே கம்பெனிகளில் ஒன்று வீட்டுக்காரராக மாறியபோது என்ன நடந்தது? பெக்டன் ஆலையின் உரிமையாளரான கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி, மேற்கு லண்டனில் லாட்ப்ரோக் குரோவ் பகுதியில் தனது பழைய ஆலை நிலத்தில் 1937இல் கென்சல் ஹவுஸ் என்ற குடியிருப்பைத் திறந்தது. கட்டடக் கலைஞர் மேக்ஸ்வெல் ஃப்ரை. வீட்டு வசதி ஆலோசகர் எலிசபெத் டென்பி. 68 வீடுகள், வீட்டுக்கு இரண்டு பால்கனிகள். பழைய வாயுத் தொட்டி நின்ற வட்டத்தின் வளைவிலேயே ஒரு மழலையர் பள்ளி. சேரிகளிலிருந்து வந்த குடும்பங்களுக்குச் சமைக்கவும் வெந்நீர் வைக்கவும் துணி அவிக்கவும் கேஸ். குளிர்காய, நிலக்கரியில் வாயு பிரிந்தபின் மிஞ்சும் கோக் கரி. அதைப் பற்றவைக்கவும் கேஸ். மின்சாரத்தைவிடக் கேஸ் மலிவு என்று காட்டுவதற்காகவே எழுப்பிய விளம்பரக் கட்டடம் அது. விளம்பரமாகவே இருந்தாலும் அன்றைய லண்டன் ஏழைகளுக்குக் கிடைத்த மிக நல்ல வீடுகளில் அவையும் சேரும்.

போருக்குப் பின் மின்சாரம் 1948இலும் எரிவாயு 1949இலும் அரசுடைமை ஆயின. முதலாளி ஒருவரே என்றான பிறகும் போட்டி ஓயவில்லை. ஒரே கடைவீதியில் கேஸ் வாரியத்தின் காட்சிக்கூடமும் மின் வாரியத்தின் காட்சிக்கூடமும் வாடிக்கையாளரை இழுத்தன. அதற்குள் வீடுகள் உயரத் தொடங்கியிருந்தன. 1956இன் மானியச் சட்டப்படி, மாடி கூடக்கூட நகராட்சிக்குக் கிடைக்கும் பணமும் கூடியது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி மாதக்கணக்கில் கோபுரம் எழுப்பினார்கள். டென்மார்க்கின் லார்சன்-நீல்சன் முறை அப்படி வந்ததுதான். தூண்களோ உத்திரங்களோ கிடையாது. பலகைச் சுவரே மேலுள்ள பலகைச் சுவரைத் தாங்கும். ஆறு மாடிக்கென வகுத்த அந்த முறையில், கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் 22 மாடிகள் ஏறின. 110 வீடுகள். நியூஹாம் நகராட்சியின் வீட்டு வசதிக் குழு முன்னாள் தலைவர் ஹாரி ரோனனின் பெயரால் அதற்கு ரோனன் பாயின்ட் என்று பெயரிட்டார்கள். உள்ளே சமையலுக்குக் கேஸ்.

திறந்து இரண்டே மாதம். 1968 மே 16, விடியற்காலை 5.45 மணி. 18ஆம் மாடி மூலை வீட்டில் தனியாக வசித்த 56 வயதுப் பெண் தேநீர் போட எழுந்து தீக்குச்சியைக் கிழித்தார். இரவெல்லாம் கசிந்திருந்த வாயு வெடித்தது. வெளிச்சுவர்ப் பலகைகள் பிடுங்கிக்கொண்டு போயின. தாங்க ஆளில்லாத மேல்மாடிகள் இறங்கின. அந்த எடையில் கீழ்மாடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, கட்டடத்தின் தென்கிழக்கு மூலை தரைவரை காணாமல் போனது. நான்கு பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். சாவு நான்கோடு நின்றதற்கு நேரம்தான் காரணம். சரிந்தவை பெரும்பாலும் கூடங்கள். ஆட்கள் படுக்கையறைகளில் இருந்தார்கள். நேர் மேலே இருந்த நான்கு வீடுகளில் மூன்றில் இன்னும் யாரும் குடிவரவில்லை.

ஹியூ கிரிஃபித்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை தந்தது. அடுப்புக்கு வாயு கொண்டுவந்த குழாய் இணைப்பின் பித்தளை நட்டு தரமற்றது. அது உடைந்துதான் கசிவு. அடுப்பைப் பொருத்தித் தந்தவர் அந்தப் பெண்ணின் நண்பர்; அவர்மேல் குழு பழி போடவில்லை. வெடிப்பும் அசாதாரணமானதல்ல. பற்றவைத்த பெண்ணின் செவிப்பறைகூடக் கிழியவில்லை! உயிர்பிழைத்த அவர், அதே அடுப்பைத் தன் புதிய வீட்டுக்கு எடுத்துச் சென்றதாகச் சொல்வார்கள். அடுப்பு தாங்கிய அடியைச் சுவர் தாங்கவில்லை. சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு அழுத்தமே பலகைகளை நகர்த்தப் போதும் என்று தெரிந்தது. கேஸே இல்லாவிட்டாலும் பலத்த காற்றோ பெரிய தீயோ இதே வேலையைச் செய்திருக்கும் என்றும் குழு எச்சரித்தது.

இங்கேதான் கேஸா மின்சாரமா என்ற கேள்வி சமையலறையை விட்டு வெளியேறுகிறது. இத்தகைய பலகைக் கோபுரங்கள் எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்ன அரசு இரண்டு அளவுகோல்களை வைத்தது. கேஸ் உள்ள கட்டடம் சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கேஸ் இல்லாதது 17 தாங்கினால் போதும். சுவருக்கு எஃகு கோத்து வலுவேற்றும் செலவையும் குழாயை அறுத்துவிடும் செலவையும் அருகருகே வைத்துப் பார்த்த நகராட்சிப் பொறியாளருக்கு விடை சொல்லித் தர வேண்டியதில்லை. பல கோபுரங்கள் முழு மின்சாரத்துக்கு மாறின. ரோனன் பாயின்ட்டும் சரிந்த மூலையை மீண்டும் கட்டி, இரும்புக் கோணங்களால் பிணைத்து, கேஸ் இல்லாமல் மறுபடி குடியேற்றப்பட்டது.

மின்சாரத்தின் செலவு வேறு வடிவில் வந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, முழு மின்சாரக் கோபுரங்களில் வீட்டைச் சூடாக்கும் கட்டணம் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. மண்ணெண்ணெய்க் கணப்பு வாங்கினார்கள். அதன் ஈரம் குளிர்ந்த கான்கிரீட்டில் படிந்து சுவரெல்லாம் பூஞ்சை பூத்தது. சமையலிலும் சிக்கல்தான். கரீபியன், வங்காளக் குடும்பங்களும் இதே நியூஹாமின் ஈஸ்ட் ஹாம் பக்கம் பின்னாளில் பெருகிய ஈழத்தமிழ்க் குடும்பங்களும் ஊரிலிருந்து கொண்டுவந்த அடி குவிந்த சட்டி, தட்டையான மின் தட்டில் உட்காராது. கேஸ் சிலிண்டர் வாங்கலாமென்றால் இத்தகைய கோபுரங்களில் அதற்குத் தடை. காரணம் சரியானது. ஆனால் அது கட்டியவர்களின் பிழைக்குச் சமைப்பவர்கள் கட்டிய அபராதம்.

கட்டடக் கலைஞர் சாம் வெப் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 1986இல் ரோனன் பாயின்ட்டை மாடி மாடியாகக் கழற்றினார்கள். கான்கிரீட் நிறைந்திருக்க வேண்டிய இணைப்புகளில் வெற்றிடமும் செய்தித்தாளும் இருந்தன. அந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி வீடுகள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோப்புகள் தொலைந்தன, அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள். 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரம் எரிந்த பிறகு, தெற்கு லண்டன் பெக்கமில் அதே பலகை முறையில் கட்டிய லெட்பரி குடியிருப்பில், தங்கள் சுவர் விரிசல்களைக் காட்டி இவை பாதுகாப்பானவையா என்று மக்கள் மறுபடி கேட்டார்கள். 1968க்குப் பின் வலுவேற்றிவிட்டோம் என்றது சதர்க் நகராட்சி. பொறியாளர்கள் பார்த்தபோது வலுவேற்றிய தடயம் இல்லை. கேஸ் மட்டும் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் ஒரே நாளில் கேஸை நிறுத்தினார்கள். அடுப்போடு வெந்நீரும் நின்றது. அடுத்த ஆண்டு டாட்டன்ஹாமின் பிராட்வாட்டர் ஃபார்மிலும் இதே சோதனை, இதே முடிவு. அங்கே டாங்மியர், நார்தோல்ட் என்ற இரண்டு கட்டடங்களை இடிக்கவே தீர்மானித்தார்கள். லெட்பரியில் குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடந்தது. கேஸா மின்சாரமா என்று அதில் கேட்கவில்லை. கோபுரங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று கேட்டார்கள். பெரும்பான்மையினர் இடிக்கச் சொன்னார்கள்.